டிரம் வெட்டிய புரட்டாசி

14 செப்டம்பர், ஞாயிறு

நாளை வேதியியல் தேர்வு. படிக்க உட்கார்ந்தேன். வாசலில் அப்பா இரும்பு வெட்டும் கிரைண்டர் மெஷினை வைத்து அம்மாவின் அரிசி டிரம்மை நெடுக்காக வெட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் தனிம வரிசை அட்டவணை எனக்கு முழுதாக மறந்துவிட்டது.

அம்மா, வேங்கடசாமி மாமா வீட்டு வளைகாப்புக்காகப் பவானி போயிருக்கிறாள். மாலை வந்துவிடுவாள். இந்த வேலைக்கு இந்த நாள் அமைந்தது தற்செயலாம். அப்பாவே சொன்னார்.

"என்னத்துக்குங்கப்பா இது?"

"ஸ்மோக்கர் கண்ணு. வெளிநாட்டுல ஊட்டுக்கு ஊடு வாசல்ல ஒண்ணு நிக்கும். கறிய உள்ள வெச்சு மூடிப்போட்டா புகையிலயே வெந்துரும். பஞ்சு மாதிரி வரும்."

"அம்மாகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்பா. அதனாலதான் கேக்கல."

தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. அன்னூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர் அப்பா. எரிந்துபோன எந்த மோட்டாரையும் ஓட வைத்துவிடுவார். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எரிக்கவும் அவரால் முடியும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த டிரம் அம்மாவின் கல்யாணச் சீர். வெளிப்பக்கம் 'சண்முகப்பிரியா' என்று பெயர் வெட்டியிருக்கும். இப்போது ஒரு பாதியில் 'சண்முகப்' இருக்கிறது, மறு பாதியில் 'பிரியா'. உள்ளே இருந்த அரிசி என் பழைய பள்ளிப் பைகளில் இருக்கிறது.

மாலை அம்மா வந்தாள். பையைக் கீழே வைத்தாள். இரண்டு பாதிகளையும் பார்த்தாள்.

"ஒரு வார்த்த கேக்கலையே" என்றாள்.

கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

15 செப்டம்பர், திங்கள்

தேர்வில் துத்தநாகம் வந்தது. துத்தநாகம் பூசிய இரும்பை அதிகமாகச் சூடாக்கினால் அந்தப் பூச்சிலிருந்து கெட்ட புகை வரும் என்று எங்கள் மிஸ் வகுப்பில் சொல்லியிருந்தார். விடைத்தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் டிரம் அந்தத் தகரம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். டிரம்மை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "இத நேத்தே சொல்றதுக்கென்ன கண்ணு?" என்றார்.

ஆக, டிரம் எதற்கும் ஆகாது. அரிசிக்கும் இல்லை, கறிக்கும் இல்லை. பட்டறையில் கிடந்த பழைய இரும்பு டிரம் ஒன்றை எடுத்துவந்து, நெருப்பு வைத்து நன்றாக எரித்துச் சுத்தம் செய்து, அதை வெட்டினார். அந்த டிரம் போன வாரமும் அங்கேதான் கிடந்தது.

இதையெல்லாம் அம்மா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

17 செப்டம்பர், புதன்

ஸ்மோக்கர் தயார். இன்று புரட்டாசி ஒன்று. இனி ஒரு மாதத்துக்கு இந்த வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. அப்பா காலண்டர் தாளை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்தார், ஆவணி கொஞ்சம் மிச்சமிருக்குமோ என்று.

18 செப்டம்பர், வியாழன்

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறோம். அம்மா என்னைப் பார்த்துச் சொல்கிறாள்: "உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடு, கேஸ் தீந்துபோச்சு." அப்பா என்னைப் பார்த்துச் சொல்கிறார்: "சாயங்காலம் வந்துரும்னு சொல்லு." நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இட்லியைப் பார்க்கிறேன்.

சொன்னதை அப்படியே கொண்டு சேர்த்தால் வீடு தாங்காது. அதனால் கொஞ்சம் இழைத்துக் கொடுக்கிறேன். அம்மா சொன்னது: "அந்தக் கருமத்தத் தூக்கிக் குளத்துல போடச் சொல்லு." நான் சொன்னது: "ஸ்மோக்கரக் கொஞ்சம் அக்கட்ட தள்ளி வெக்கலாமான்னு அம்மா கேக்கறாங்க." அப்பா தள்ளி வைத்தார். அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். மொழிபெயர்ப்பாளர்களை யாரும் கொண்டாடுவதில்லை என்பது எவ்வளவு உண்மை.

20 செப்டம்பர், சனி

முதல் சனிக்கிழமை. அம்மா பெருமாளுக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"பழம் வெச்சா தப்பில்லையே கண்ணு? பழம் கவுச்சியா என்ன?"

ஓர் அன்னாசியை வட்டமாக நறுக்கி, நாட்டுச் சர்க்கரை தடவி, கம்பிமேல் அடுக்கினார். கரிமேல் போட விறகு வேண்டும். போன மாதம் வெட்டிய வேப்பங்கிளை மூலையில் காய்ந்து கிடந்தது. "வேம்பு ஒடம்புக்கு நல்லது" என்று அதைப் போட்டார். நான் 'அப்பா' என்று ஆரம்பிப்பதற்குள் மூடிவிட்டார்.

பொன்னிறமாக, பளபளவென்று, பார்க்க அவ்வளவு அழகாக வந்தது. வாயில் போட்டால் சின்ன வயதில் எனக்குக் கொடுத்த குடற்பூச்சி மருந்து.

"கொஞ்சம் கசக்குதோ?" என்றார், கண்ணில் நீரோடு. புகையினால் வந்த நீர்தான்.

21 செப்டம்பர், ஞாயிறு

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அம்மா மாமாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "இல்லீங்ணா. புரட்டாசி முடியட்டும், வாரேன். வந்தா திரும்பிப் போறாப்பல வரமாட்டேன். இங்க என்னைய ஒரு ஆளாவே யாரும் நெனைக்கறதில்ல" என்றாள்.

கோபத்தில் சொல்வதுதானே? எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே? பக்கத்து வீட்டு டீனாவின் அம்மாகூட மாதம் ஒருமுறை சொல்வார்களாம். ஆனால் டீனாவின் அம்மா அதைக் கத்திச் சொல்வார்கள். என் அம்மா வெங்காயம் என்ன விலை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

ஒரே சட்டையை மூன்று தடவை மடித்திருக்கிறேன்.

24 செப்டம்பர், புதன்

கணிதத் தேர்வு. நன்றாக எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

28 செப்டம்பர், ஞாயிறு

தேர்வு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமையே பள்ளி நூலகத்திலிருந்து கேக், பிஸ்கட் சுடும் பேக்கிங் புத்தகம் ஒன்று எடுத்து வந்திருக்கிறேன். நூலக மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீட்டுக்குப் படிக்கலியா?" "இல்லீங் மிஸ், இப்போதைக்கு எங்க வீட்டக் காப்பாத்தணும்." சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். நான் நகைச்சுவை செய்ததாக நினைத்துவிட்டார்.

விஷயம் சுலபம்தான். கரியை நடுவில் பரப்பக் கூடாது, ஒரு ஓரமாகத் தள்ள வேண்டும். பழச் சட்டியை மறு ஓரத்தில் வைத்து மூடினால் டிரம்மே ஓவன் அடுப்பு ஆகிவிடும். சூட்டைப் புத்தகம் ஃபாரன்ஹீட்டில் சொல்கிறது. நான் செல்சியஸுக்கு மாற்றினேன். அப்பா மோட்டார் சூடு பார்க்கும் துப்பாக்கி போன்ற கருவியை எடுத்து வந்து மூடியைக் குறி பார்த்தார். "இந்தச் சூட்டுல காயிலே கருகிரும் கண்ணு" என்றார் மரியாதையோடு.

வேம்புக்குத் தடை. கொட்டாங்குச்சிக் கரி மட்டும். இரும்புச் சட்டியில் கொய்யாத் துண்டுகள், மேலே கம்பு மாவும் வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து உதிர்த்தது. புத்தகம் இதைக் கிரம்பிள் என்கிறது. அப்பா 'கொய்யா உதிரி' என்றார். மூடியை மட்டும் அடிக்கொருதரம் திறந்து திறந்து பார்த்தார். குழந்தை தூங்குகிறதா என்று எழுப்பிப் பார்ப்பவர் மாதிரி.

அப்படியும் நன்றாக வந்துவிட்டது! மேலே மொறுமொறுப்பு, உள்ளே குழைவு, லேசாகப் புகை வாசம். ஒரு கிண்ணத்தில் போட்டு, எதுவும் சொல்லாமல் அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். கிண்ணம் காலியாகத் திரும்பியது.

"உங்கப்பாகிட்டச் சொல்லு, ஒரு சிட்டிக உப்புப் போட்டா இனிப்புத் தூக்கிக் குடுக்கும்னு."

முதன்முறையாக ஒரு செய்தியை இழைக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா உப்பு டப்பாவைத் தேடி சமையலறைக்குள் போய், அது எங்கே இருக்கும் என்று தெரியாமல் வெளியே வந்தார்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. பட்டறை முழுக்கக் கழுவி, எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பூ. பொட்டு வைப்பது எப்போதும் அம்மாதான். அப்பாவோடு ஒரு வார்த்தையும் இல்லாமல் லேத், வெல்டிங் மெஷின், கிரைண்டர், டிவிஎஸ் வண்டி எல்லாவற்றுக்கும் வரிசையாக வைத்தாள். டிரம்மை வெட்டிய அந்தக் கிரைண்டருக்கு வைக்கும்போது மட்டும் பொட்டு கொஞ்சம் அழுத்தமாக விழுந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் சைக்கிள், மிக்ஸி, தையல் மெஷின். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் வாசிப்பதுபோல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்மோக்கரின் மூடியில் மூன்று பொட்டு வைத்தாள். ஒரு செம்பருத்தியையும் செருகினாள்.

"இந்த வாரம் போவட்டும், அடுத்த சனிக்கிழமைக்கு அதுல பெருமாளுக்கு ஏதாச்சும் இனிப்புச் செஞ்சு படைக்கலாமா? புஸ்தகத்துல பாரு" என்றாள்.

இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைவரை வைத்திருந்து, அம்மா அப்பாவையே கேட்டதுபோல் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்.

5 அக்டோபர், ஞாயிறு

கெட்டிக்காரி.

நேற்று மாலை நான் டியூஷனில் இருந்தபோது பக்கத்து வீட்டு ஜெரோம் மாமா வந்திருக்கிறார். இன்று அவர் மகள் டீனாவுக்குப் பிறந்த நாள். "திருமூர்த்தி, ஒங்க பெட்டியக் குடுங்க, புள்ளைக்குக் கோழி வாட்டிக் குடுக்கறேன். உங்களுக்குத்தான் புரட்டாசி, எங்களுக்கு என்ன?" அப்பாவுக்கு உடனே பெருமை. தன் கையால் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்திருக்கிறார். "எங்க ஊட்ல செய்யலையே, அவங்க ஊட்லதானே" என்று ஒரு சட்டமும் கண்டுபிடித்திருக்கிறார்.

இன்று மதியம் டீனா கேக் கொடுக்க என்னைக் கூப்பிட்டாள். போனேன். அம்மாவும் வாழ்த்துச் சொல்லக் கூட வந்தாள்.

மூடியில் மூன்று பொட்டும் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே முழுக்கோழி இரண்டு. மூடிமேல் தெறித்த கொழுப்பு வழிந்து குங்குமத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அம்மா டீனாவுக்குச் சிரித்த முகமாக வாழ்த்துச் சொன்னாள். ஜெரோம் மாமாவிடம் ஒரு சுடுசொல் இல்லை, அவருக்கு என்ன தெரியும். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தெரியாதும்மா, சனிக்கிழம படையல் விஷயம் நான் சொல்லவே இல்ல, எம்மேலதான் தப்பு—"

"நீ சொன்னாத்தான் தெரியணுமா கண்ணு? பொட்டு வெச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியாதா? குடுக்கறதுக்கு முந்தி ஊட்ல ஒருத்தி இருக்கறாளேன்னு கேக்கத் தோணாதா?"

அப்பா வாசலிலேயே நின்றார். "சொல்லு கண்ணு, நான் வேணும்னு செய்யலைன்னு சொல்லு" என்றார் என்னிடம். அம்மா அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாள்.

6 அக்டோபர், திங்கள்

அம்மா காலைப் பேருந்தில் பவானி போய்விட்டாள். சத்தி, கோபி வழியாகப் போகும் பேருந்து. புரட்டாசி முடியவில்லை. முடியும்வரை இருக்கவில்லை.

விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. என் டிபன் டப்பாவில் அப்பா கட்டிக் கொடுத்த தக்காளிச் சாதம். உப்பு இரண்டு தடவை விழுந்திருக்கிறது. தேடிக் கண்டுபிடித்துவிட்டார் போல.

8 அக்டோபர், புதன்

இப்போது தூது போனில் நடக்கிறது. அம்மா எனக்குப் போன் செய்கிறாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சைகை காட்டுகிறார். சாப்பிட்டாளா என்று கேள், எப்போ வருவாள் என்று கேள். கையை ஆட்டி ஆட்டி ஊமை நாடகம். நாற்பத்தைந்து வயது மனிதர்.

இன்று போனை அவர் மடியில் வைத்தேன். உடனே எனக்கே திருப்பிக் கொடுத்தார், சூடான காயிலைத் தொட்டவர்போல.

போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு அழுவது பயனற்றது என்று தோன்றியதால் பேசினேன்.

"நான் இனிமே சொல்லமாட்டேனுங்கப்பா. ஒண்ணும் சொல்லமாட்டேன். இத்தன நாளா நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது எதுவுமே நெசமில்ல, எல்லாம் நான் மாத்திச் சொன்னது. அம்மா டிரம்முக்காகவா கோவிச்சுக்கிட்டாங்க? உங்களுக்கு இன்னுமா புரியல? டிரம்ம வெட்டறப்பவும் கேக்கல, கோழிக்குக் குடுக்கறப்பவும் கேக்கல. உப்பு எங்க இருக்குதுன்னுகூடக் கேக்காமத் திரும்பி வந்தீங்க!"

அப்பா எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார்.

நல்லது. இப்போது குடும்பத்தில் பேசாதவர்கள் மூன்று பேர்.

10 அக்டோபர், வெள்ளி

பழைய ஸ்மோக்கரை ஜெரோம் மாமாவுக்கே கொடுத்துவிட்டார். பட்டறையில் புது இரும்புத் தகட்டில் இன்னொன்று தயாராகிறது. என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் வேலை போய்விட்டதே.

11 அக்டோபர், சனி

காலையில் வாசலில் ஒரு டாடா ஏஸ். பின்னால் புது ஸ்மோக்கர் கயிற்றில் கட்டி நின்றது, நேர்த்திக்கடனுக்குப் போகிற கிடாபோல. ஒரு மூட்டை கொட்டாங்குச்சிக் கரி, ஒரு சீப்பு நேந்திரம்பழம், கம்பு மாவு, உப்பு டப்பா.

"வர்றியா கண்ணு? நீ ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா கூட வந்தாப் போதும்."

பவானியில் மாமா வீட்டுத் தெரு சின்னது. ஜமக்காளத் தறி வைத்திருக்கும் வீடுகள். ஸ்மோக்கரை இறக்கியதும் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்று, ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங் மாப்ள, கடை போட்டுட்டீங்களா? போர்டு எழுதி மாட்டிப்போடலாமுங்களா?"

"கொஞ்சம் சும்மா இருங்க மச்சா."

"டோக்கன் உண்டுங்களா, இல்ல வரிசைங்களா?"

அப்பா கரியை ஓரமாகத் தள்ளினார். பழத்தை நறுக்கினார், உப்பு ஒரு சிட்டிகை போட்டார், மாவை உதிர்த்தார், மூடினார். அம்மா வாசற்படிக்கு வந்து நின்றாள். கை கட்டியிருந்தாள். அப்பா மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். சற்று நேரத்தில் மறுபடி திறந்தார். மூடியின் கைப்பிடி நழுவி டங்கென்று இடித்தது. காயில் கட்டும்போது மயிரிழை பிசகாத கைகள்.

பிறகு திரும்பினார். என்னிடம்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்து, ராஜினாமா செய்தவளின் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"பிரியா. இப்ப எடுக்கட்டுமா, இன்னுங் கொஞ்சம் இருக்கட்டுமா?"

ஜன்னல்களில் இருந்த தலைகள் அம்மா பக்கம் திரும்பின. மாமாவின் தலையும்தான்.

"என்னையவா கேக்கறீங்க?"

"ஆமா. உன்னையத்தான்."

"டிரம்ம வெட்டறப்பக் கேக்கல?"

"தப்புத்தான்."

"கோழிக்குக் குடுக்கறப்ப?"

"அதும் தப்புத்தான்."

அம்மா படியிலிருந்து இறங்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். புகை அந்தப் பக்கம் போகவே இல்லை, நான் கவனித்தேன்.

"மொதல்ல அந்த மூடிய மூடுங்க. தொறந்து தொறந்து பாத்துக்கிட்டே இருந்தா எப்புடி வேகும்? இட்லிக் குண்டாவ இப்புடித்தான் தொறப்பாங்களா யாராச்சும்?"

அப்பா மூடினார். சாமி கும்பிடுகிற மாதிரி இரண்டு கையாலும் மூடினார்.

தெரு முழுக்கச் சாப்பிட்டது. மாமா மூன்று தடவை வாங்கினார், டோக்கன் இல்லாமல்.

அம்மா எங்களோடு வரவில்லை. "பாக்கலாம்" என்றாள். ஆனால் அதை அப்பாவிடம் சொன்னாள்.

14 அக்டோபர், செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்தபோது அம்மாவின் செருப்பு வாசலில் இருந்தது.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. ஐப்பசி பிறந்துவிட்டது. அப்பா காலையிலேயே புது ஸ்மோக்கரைத் துடைத்து வைத்துக்கொண்டு அம்மா எதிரில் நின்றார்.

"ஏம் பிரியா, கறி எடுத்தாரட்டுமா? இல்ல இன்னிக்கும் பழந்தானா?"

"இதுல எப்பவும் பழந்தானுங்க. கறி வேணும்னா ஜெரோம் அண்ணன் ஊட்ல போய் அந்தப் பெட்டிய எரவல் கேட்டு வாங்குங்க."

"நான் செஞ்ச பெட்டிய நானே போய் எரவல் கேக்கறதா?"

"கேட்டுப் பழகுங்க."

அங்கே ஆரம்பித்தது. அன்னாசியா நேந்திரமா, கம்பா கேழ்வரகா, அரிசி வைக்க எவர்சில்வர் டிரம்மா பிளாஸ்டிக் டிரம்மா, டிரம் வாங்க அன்னூரா கோயம்புத்தூரா. அப்பா ஒன்று சொல்ல, அம்மா மறுக்க, அப்பா விடாமல் இழுக்க, அம்மாவின் குரல் ஜெரோம் மாமா வீடுவரை கேட்டிருக்கும். எனக்கு நாளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். சீயக்காய் எங்கே என்று கேட்க வேண்டும். 'அம்மா' என்றேன். 'அப்பா' என்றேன். மறுபடியும் 'அம்மா' என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"இரு கண்ணு, பேசிக்கிட்டிருக்கறோம்ல!"